தேன் புட்டியில் பாதி

மார்ச் 3, செவ்வாய்

வரத்து அதிகம். விரலி மஞ்சளை விடக் கிழங்கு மஞ்சள்தான் குவிந்து கிடந்தது. மதியம் வரை ஏலக் கூடத்தில் நின்றுவிட்டு, என் மனைவி சம்பூரணத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

வலது பாதத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கருப்பு. போன வருஷம் மை சிந்தியது போல இருந்தது. முள் குத்தி ரத்தம் கட்டியது என்றாள். அவள் செருப்புப் போடுகிறவள் இல்லை. எங்கள் களத்தில் காயும் மஞ்சளைக் காலால் துழாவி நடந்தே ஈரம் சொல்லிவிடுவாள். மெஷின் வந்த பிறகும் அவள் கால் சொல்வதைத்தான் நான் நம்புகிறேன். பாதம் எப்போதும் மஞ்சள் ஏறிக் கிடக்கும், அதில் கருப்பு எவர் கண்ணில் படும்? பட்ட பிறகும் நான் செய்தது என் சரக்கிலேயே நல்லதாகப் பார்த்து அரைத்துக் கொடுத்து, பூசச் சொன்னதுதான். இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு. ஓரம் மங்கல். நடுவில் மேடு தட்டிக் கசிகிறது.

டாக்டர் மயில்வாகனன் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

“மச்சமா இருக்கலாமுங்க. வேற மாதிரியும் இருக்கலாம். முழுசா எடுத்துச் சோதனைக்கு அனுப்பிருவோம்.”

“வேற மாதிரின்னா என்னங்க?”

“சோதனை வரட்டுமுங்க, சென்னியப்பன். சொல்றேன்.”

விலையை வாய் திறந்து சொல்லாத ஆளிடம் எனக்கு எப்போதும் எச்சரிக்கை உண்டு.

மார்ச் 5, வியாழன்

ஆபரேஷன் அரை மணிதான். மரக்க ஊசி போட்டு எடுத்தார்கள். சம்பூரணம் உள்ளே இருந்து நர்ஸிடம், “கண்ணு, சித்தெ மெதுவா அழுத்து, அது என்ற காலு, மாவு இல்ல” என்று சொல்வது வெளியே கேட்டது.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் புட்டியைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். தண்ணீர் போன்ற மருந்தில் ஒரு சதைத் துண்டு. கண் வடிவம். ஒரு முனையில் கறுப்பு நூல் முடிச்சு. “கோயமுத்தூர் லேபுக்கு நீங்களே கொண்டு போயிருங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்.” கூட ஒரு சீட்டு: பெயர், வயது, எந்த இடம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது உடைசல் மஞ்சள் பொறுக்கி. இன்று நாலு மாநிலத்துக்கு லாரி அனுப்புகிறேன் என்றால் ஒரே காரணம், எந்தச் சரக்கையும் ஒரே சோதனையில் நம்பி வாங்கியதில்லை. மாதிரியைப் பாதியாக்குவேன். ஒரு பாதி ஒரு லேபுக்கு, மறு பாதி இன்னொன்றுக்கு, சரக்கு யாருடையது என்று சொல்லாமல். சொன்னால் முகம் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். இரண்டும் ஒத்து வந்தால்தான் விலை பேசுவேன். மூட்டை மஞ்சளுக்கே அப்படி. சம்பூரணத்துக்கு ஒரே லேபை நம்புவதா?

குடோன் மேஜையில் புது பிளேடை உடைத்து, நட்டநடுவில் அறுத்தேன். மஞ்சள் போலப் பட்டென்று உடையும் என்று நினைத்தேன். வழுக்கியது. இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது. அடுப்படியிலிருந்து எடுத்து வந்து கழுவிய தேன் புட்டியில் ஒரு பாதியைப் போட்டுப் பாதி மருந்தையும் ஊற்றினேன். அந்த மருந்து பொல்லாத காரம். வெகுநேரம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

நூல் முடிச்சு உள்ள பாதி, அவள் பெயரில் கோவைக்கு. மற்றது ஈரோட்டிலேயே ஒரு லேபுக்கு. பெயர் ராசாத்தி என்றேன். வயது இருபத்தாறு. முதுகு மச்சம். வயதையும் காலையும் சொன்னால் பயந்து கூடுதலாக எழுதிவிடுவார்கள் அல்லவா?

மார்ச் 6, வெள்ளி

தேன் தம்ளரில் இருக்கிறது. வேறு புட்டி வாங்க வேண்டும். மறந்துவிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

ஈரோடு லேபிலிருந்து சீட்டு வந்தது. சாதா மச்சம். புற்று எதுவும் இல்லை.

இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கவுன்டர் பெண், “அதானுங்க, ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கு. உங்க பொண்ணுங்களா?” என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு.

மார்ச் 13, வெள்ளி

சம்பூரணம் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு மைசூர்பாகு தின்றாள்.

“கோயமுத்தூர்ல இருந்து வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு. ஒண்ணுமில்ல.”

“சீட்டெங்கெ?”

“குடோன்ல இருக்குது.”

“தம்ளர்த் தேன்ல எறும்பு மொய்ச்சுக் கெடக்குது. ஏனுங், அந்தப் புட்டி என்னாச்சு?”

கை தவறி உடைந்துவிட்டது என்றேன். அவள் எறும்பை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

கோவை எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. எடுக்கவில்லை. ஏலம் நடந்துகொண்டிருந்தது.

மார்ச் 19, வியாழன்

அதே எண். மூன்று தடவை. இன்று ஏலம் இல்லை. ஆனால் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நிற்காவிட்டால் ஈரச் சாக்கை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

நல்ல சீட்டு கையில் இருக்கும்போது இன்னொரு சீட்டுக்கு என்ன அவசரம்?

மார்ச் 24, செவ்வாய்

தையல் போட்ட இடம் ஒரு ஓரத்தில் இன்னும் ஆறவில்லை. கட்டுப் பிரித்தபோது தொடை இடுக்கிலும் என்னவோ தட்டுகிறது என்றாள். நெறி கட்டியிருக்கிறது. கால் புண்ணுக்கு நெறி கட்டுவது எல்லோருக்கும் நடப்பதுதான். நான் தொட்டுப் பார்த்தேன். கொட்டைப் பாக்கு அளவு, அதே கெட்டி. அழுத்தினால் அதற்கு வலி இல்லை.

ஈரப் பதம் பார்க்கும் கை இது. தொட்ட பிறகு சரக்கைப் பற்றி என்னால் பொய் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் இது சரக்கு இல்லை.

மார்ச் 28, சனி

மகள் தாரணி கோவையிலிருந்து சொல்லாமல் வந்து நின்றாள். அங்கே பேங்கில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டாவது எண்ணாக அவளுடையதைப் போட்டிருந்தார்கள். என்னிடம் பேச முடியாமல் லேப் டாக்டர் அவளைக் கூப்பிட்டுவிட்டார்.

குடோனுக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“அப்பா, அம்மாவுக்குப் புற்றுன்னு சொல்றாங்க. பத்து நாளா உங்களுக்கு போன் பண்ணீருக்காங்க.”

“அதெல்லாம் இல்ல அம்மிணி. இதா பாரு, மச்சம்னு எழுதியிருக்குது.”

வாங்கிப் பார்த்தாள். “ராசாத்தி யாரு?”

சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

“அந்த டாக்டர் இன்னொண்ணும் கேட்டாங்க. மீதிச் சதை எங்கேன்னு. அவங்களுக்கு வந்தது பாதிதானாம்.”

“டாக்டர் அவ்வளவுதான் எடுத்தாரு.”

என் மகள் என்னைப் பார்த்த மாதிரி நான் வேறு ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டை அடியில் கல் வைத்துவிட்டு, தெரியாது என்று கையைப் பிசைகிறவனைப் பார்க்கும் பார்வை. நான் பார்க்கிற பார்வை.

மார்ச் 30, திங்கள்

தனியாகக் கோவைக்குப் போனேன். நல்ல சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். இரண்டில் ஒன்று தப்பு, அது உங்களுடையது என்று சொல்வதுதான் திட்டம்.

லேப் டாக்டர் பிலோமினா. என் வயது இருக்கும். பின்னால் சின்னச் சின்ன இழுப்பறை, எல்லாம் கண்ணாடித் தகடு. என் சீட்டை வாங்கிப் படித்தார், கோபப்படவில்லை.

“இருபத்தாறு வயசு, முதுகுன்னு எங்கிட்டச் சொல்லி அந்த மீதிப் பாதியை மட்டும் குடுத்திருந்தா, நானும் மச்சம்னுதான் நினைச்சிருப்பேன் ஐயா. உட்காருங்க.”

அந்த மைக்ராஸ்கோப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் அவர், எதிரில் நான். முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு ஒரு ரோஜா நிறப் பட்டை, தடியாக. பாதத்துக் காய்ப்பாம். அதை நான் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முப்பது வருஷம் என் களத்தில் நடந்த காய்ப்பு. அதன் கீழே ஊதாப் புள்ளிகள் கும்பல் கும்பலாக, இடையிடையே கரித்தூள்.

“இந்தச் செல்லெல்லாம் இந்த வரிசையிலதான் இருக்கணும். பாருங்க, ஒண்ணொண்ணா மேல ஏறியிருக்கு. கீழயும் இறங்கியிருக்கு. சாதா மச்சம்னா கீழ போகப் போகச் சின்னதாகி அடங்கும். இது அடங்கல.”

“உங்க சீட்டுத் தப்பா இருந்தா?”

“சாயம் போட்டுப் பாத்தேன். இன்னொரு டாக்டருக்கும் காட்டினேன்.”

“அப்ப நீங்களும் ரெண்டு எடத்துலதானுங்களே பாக்கறீங்க?”

“பாப்பேன். இதே கண்ணாடியை அப்படியே குடுத்துப் பாப்பேன். பாதி வெட்டிக் குடுக்க மாட்டேன்.” தகட்டைக் கொஞ்சம் நகர்த்தினார். பட்டை ஓர் இடத்தில் கந்தலாக, கிழிந்த சாக்கு போல முடிந்தது. “இது ஆபரேஷன் கத்தி இல்ல. எவரோ இழுத்து இழுத்து அறுத்திருக்காங்க. ஆழமா இருக்கிறது சரியா இந்த இடத்துல. எவ்வளவு ஆழம்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண முடியும். பாதியை வெச்சுக்கிட்டு என்னால அளக்க முடியல.”

நான் கண்ணை எடுக்காமல் அந்தக் கந்தலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிளேடு, தேன் புட்டி, ராசாத்தி. மஞ்சளுக்கு அப்படித்தான் செய்வோம் என்றும் சொன்னேன்.

“மஞ்சளை அரைச்சுக் கலக்கிட்டா எந்தச் சிட்டிகையும் ஒண்ணுதான். இது அரைக்கிற பொருள் இல்லீங்க. எதுக்கு மேல எது, எதுக்குப் பக்கத்துல எது – எங்களுக்கு அதுதான் எல்லாம். அதைத்தான் நீங்க வெட்டியிருக்கீங்க.” அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “நம்பிக்கை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வேற லேபுக்கு அனுப்பி வெச்சிருப்பேனே ஐயா. தினமும் அனுப்பறோம்.”

இப்படி ஒரு வழி உண்டு என்று எனக்கு எவரும் சொல்லவில்லை. நானும் எவரையும் கேட்கவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

ஈரோடு லேப். மீதிப் பாதியை மெழுகில் பதித்து வைத்திருக்கிறார்களாம். அதுவும் கண்ணாடித் தகடும் வேண்டும் என்றேன்.

“பேஷன்ட் வந்து கையெழுத்துப் போடணுமுங்க. ராசாத்தி வரலீங்களா?”

“ராசாத்தின்னு ஆரும் இல்லீங்க.”

“இல்லைன்னா? தவறிட்டாங்களா? ஐயோ, அன்னிக்கு நல்லாத்தானே ரிப்போர்ட் வந்துச்சு…”

பின்னால் வரிசையில் ஆட்கள். அதில் இரண்டு பேர் எனக்குச் சரக்கு போடுகிறவர்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்தினால் இன்னொரு முறை சொல்ல வேண்டிவரும். “அது என்ற சம்சாரம். வயசு அம்பத்திரண்டு. முதுகு இல்ல, உள்ளங்கால். பேரை மாத்திக் குடுத்தது நான்.”

அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். அங்கத்து டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசுப் பையன். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துப்போய், “உள்ளங்காலா? எங்கிட்ட உள்ளங்கால்னு சொல்லலையே… சொல்லியிருந்தா நான் திரும்பப் பாத்திருப்பேனே” என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். இன்றே கோவையில் சேர்த்தாகிவிட்டது.

மெழுகுக் கட்டி ஒரு பூஜைக் கற்பூரம் அளவுதான் இருந்தது.

ஏப்ரல் 3, வெள்ளி

டாக்டர் பிலோமினா இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். புற்றின் ஆழம் குறைந்தது நாலு மில்லிமீட்டராம்.

“குறைஞ்சதுன்னா?”

“உங்க பிளேடு தின்ன இடத்துல என்ன இருந்துச்சுன்னு இனி எவருக்கும் தெரியாது. அதுக்கு மேலயும் இருக்கலாம்.”

நாலு மில்லிமீட்டர் என்றால் ஆழமாம். மயில்வாகனன் முன்பாதத்தில் ஒரு பக்கம், இரண்டு விரலோடு எடுக்க வேண்டும் என்கிறார். தொடை இடுக்கு நெறியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். கோவை லேபை மட்டும் நம்பியிருந்தால், இரண்டு வாரத்துக்கு முன்பே இது தொடங்கியிருக்கும். போனை எடுத்திருந்தாலும்.

சம்பூரணத்திடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று தாரணி சொல்லிவிட்டாள். “என்னால ஆவாதுங்கப்பா. நீங்க அறுத்தது, நீங்களே சொல்லுங்க.”

சொன்னேன். களத்து ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புற்று என்றதற்கு அவள் அசையவில்லை. பிளேடு என்றதற்குத்தான் திரும்பினாள்.

“தேன் புட்டி காணாமப் போன அன்னிக்கே என்னமோன்னு தெரியும். ஆனா இதுன்னு தெரியாது.” கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, “ஏனுங், முப்பது வருசத்துல சாக்கு சாக்காக் கிழிச்சுப் பாத்தாச்சு. கடைசியா என்னையும் ரெண்டாக் கிழிச்சுப் பாத்துட்டீங்களாக்கும்.”

“சம்பூரணம்…”

“பேரு வேற ராசாத்தியா! வயசு என்ன போட்டீங்க?”

“இருபத்தாறு.”

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் கையை நீட்டினேன், தட்டிவிட்டாள். அப்புறம் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு எழுந்து, நல்ல காலை மட்டும் மஞ்சளுக்குள் விட்டுத் துழாவினாள்.

“இது இன்னும் காயோணும். நாளைக்கு அள்ளிராதீங்க” என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

ஆபரேஷன் முடிந்தது. இந்த முறை நான்கு மணி நேரம். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுதப் போவதில்லை. கடவுளிடமும் பேரம் பேசினேன் என்பது மட்டும் உண்மை. கொடுக்க என்னிடம் இருப்பதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து விலையே வரவில்லை.

நர்ஸ் இரண்டு புட்டிகளோடு வந்தாள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதில் நெறி. “லேபுக்கு ஆரு கொண்டு போறீங்க?”

தாரணி எனக்கு முன்னால் கையை நீட்டிவிட்டாள். “எங்கிட்டக் குடுங்க சிஸ்டர்.”

நான் ஒதுங்கி நின்றேன்.

அப்போது சம்பூரணத்தை டிராலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பாதி மயக்கம், உதடு காய்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

“அம்மிணி, அப்பாகிட்டயே குடு.”

“அம்மா, சும்மா இரு.”

“குடுன்னா குடு. அவரு போவட்டும்.”

சீட்டை நானே நிரப்பினேன். எட்டாவது படித்த எழுத்து, கோணலாகத்தான் வந்தது. சம்பூரணம். ஐம்பத்திரண்டு. வலது உள்ளங்கால். இதற்கு முன் எடுத்தது இரண்டாக வெட்டப்பட்டது, வெட்டியவர் கணவர் என்பதையும் எழுதினேன்.

காரில் இரண்டு புட்டிகளையும் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பெருந்துறை தாண்டியதும் டிரைவர், “சீட்ல வெச்சுக்கலாமுங்களே அண்ணா, கை மரத்துப் போவும்” என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வழியெல்லாம் கண்ணில் தண்ணீர். மருந்து வாசம் இல்லாமலே.

ஏப்ரல் 17, வெள்ளி

சீட்டு வந்தது. டாக்டர் பிலோமினா பின்பக்கத்தில் தமிழிலும் எழுதிக் கொடுத்தார். காலின் ஓரங்கள் சுத்தம். அங்கே மிச்சம் இல்லை. நெறியில் இருக்கிறது.

வழி முழுக்க யோசித்தேன். முதல் வரியை மட்டும் சொல்லலாம். அது பொய்யும் இல்லை. மூட்டையின் வாயில் நல்லதை வைத்துக் காட்டுவது எனக்குத் தெரியாத வேலையா? இன்னொரு லேபுக்கு அனுப்பச் சொல்லலாம், அதே கண்ணாடியை அப்படியே. டாக்டரிடம் கேட்டேன். அனுப்புகிறேன் என்றார், ஆனால் அதுவரை மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

சம்பூரணம் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துச் சாய்ந்திருந்தாள். கட்டு, முன்பு கால் இருந்த அகலத்துக்கு இல்லை. தாரணி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு.”

“சீட்டெங்கெ?”

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

“கண்ணாடி அங்க இருக்குது. நீங்களே படிங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலே இருந்த பெயரிலிருந்து தொடங்கி, கடைசி வரி வரைக்கும் படித்தேன்.